இறால்கள் செத்த கிழமை

செப்ரெம்பர் 9, திங்கள்

பெரிய பெண் இறால் முட்டை சுமக்கிறது. வயிற்றுக்குக் கீழே, சிறு கால்களுக்கிடையில், கடுகைவிடச் சின்ன மஞ்சள் மணிகள். அந்தக் கால்களால் அது முட்டைகளுக்கு ஓயாமல் விசிறிக்கொண்டு நிற்கிறது. பேப்பர் படிக்க உட்கார்ந்தவன் அதைப் பார்த்தபடியே தேநீரை ஆறவிட்டேன்.

மனைவி அருந்ததியைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் பார்த்தாள். "வடிவாத்தான் இருக்கு. ஆனா தொட்டியிலை உள்ள எல்லாத்தையும் சேர்த்தாலும் ஒரு சொதிக்குக் காணாதப்பா."

மாலையில் முர்ஷித் இறங்கி வந்தார். எங்கள் வீட்டுக்கு நேர் மேலே, 3B. கப்பல் கொம்பனி ஒன்றில் கணக்காளர். வீட்டில் நான்கு தொட்டிகள் வைத்திருக்கிறார். போன வருடம் நான் பத்திரிகையிலிருந்து ஓய்வு பெற்ற கிழமை, ஒரு பொலித்தீன் பையில் கொஞ்சம் சிவப்பு இறால்களைக் கொண்டுவந்து தந்தவர் அவர்தான். நன்னீரில் வாழ்பவை. வளர்ந்ததுகூட என் சுண்டுவிரல் நகத்தைவிடக் கொஞ்சம்தான் நீளம். "செய்தி இல்லாம நீங்க பைத்தியமாகிருவீங்க அங்கிள். இதுகளப் பாருங்க, நாளுக்கு ஒரு செய்தி தரும்" என்றார். தொட்டியையும் அவரே தூக்கி வந்து என் எழுத்து மேசையில் வைத்தார்.

இன்று முழங்காலில் நின்று முட்டைகளைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ். தாத்தாவாகப் போறீங்க அங்கிள்."

"வாழ்த்து ஒண்டு எழுதித் தாங்கோ தம்பி, பேப்பரிலை போடுவம்" என்றேன்.

செப்ரெம்பர் 15, ஞாயிறு

மரைன் டிரைவில் நடந்துவிட்டு வரும்போது முர்ஷித்தைக் கண்டேன். கொட்டம்பா மரத்தடியில் குனிந்து, விழுந்த சருகுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். தொட்டிக்குள் போட்டால் இறால்கள் அரித்துத் தின்னுமாம். "வாகனப் புகை படாத இலையாப் பாத்து எடுக்கணும்" என்றார். ஒரு சருகை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்து, பிடிக்காமல் போட்டுவிட்டார். கணக்காளர் என்றால் கணக்காளர்தான்.

தேநீருக்கு மேலே கூட்டிப் போனார். மகள் ஹஃப்ஸா மேசை நிறைய உயிரியல் புத்தகங்களோடு இருந்தாள். வருடக் கடைசியில் ஏ.எல். பரீட்சை. பள்ளிக்கூடம் இரண்டு ஒழுங்கை தள்ளி. வீட்டு ஒப்பந்தம் ஒக்டோபரோடு முடிகிறது. வீட்டுச் சொந்தக்காரர் சவுந்தரநாயகம் வருடா வருடம் புதுப்பித்துக் கொடுத்தே வருகிறார். "இந்த முறையும் தருவார், இன்ஷா அல்லாஹ். இவளுக்குப் படிக்கிற நேரம், இப்ப சாமான் கட்ட ஏலாது" என்றார் முர்ஷித்தின் மனைவி ஷிஃபானா.

வரும்போது முர்ஷித் வழக்கமான பாடத்தைத் திரும்பச் சொன்னார். குழாய்த் தண்ணீரை நேரே விடக்கூடாது. குளோரின் போகுமட்டும் ஒரு நாளாவது வாளியில் வைக்க வேண்டும். பழைய நிருபர்கள் எதையும் இரண்டு தரம் சொன்னால்தான் எழுதுவார்கள் என்று நினைக்கிறார் போலிருக்கிறது.

செப்ரெம்பர் 27, வெள்ளி

நவராத்திரிக்கு வீடு துடைப்பு. திரைச்சீலைகளை ஊறவைக்க அருந்ததி என் வாளியைப் பறித்துக்கொண்டாள். "இறால் தண்ணிக்கு என்ன செய்யிறது?" என்றேன். பரணிலிருந்து அவளுடைய அம்மாவின் பெரிய செம்புக் குடத்தை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பளபளக்க வைத்துத் தந்தாள். "இதிலை வையுங்கோ. சாமிக்கு வைக்கிற குடம். உங்கடை றாலுக்கு இதைவிட மரியாதை வேணுமோ?"

குளிர்ந்த, நல்ல தண்ணீர். ஞாயிறு மாற்றலாம்.

செப்ரெம்பர் 28, சனி

லிப்டில் ஒருவன் பூச்சி மருந்துத் தெளிகருவியை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்றாம் மாடிக்குப் போனான். மத்தியானம் குசினிப் பக்கத்தில், மாடிகளுக்கிடையே போகும் காற்றுக்கூட்டில் ஒரு மருந்து மணம்.

செப்ரெம்பர் 30, திங்கள்

நேற்றுத் தண்ணீர் மாற்றினேன். இன்று காலை மூன்று இறால்கள் பக்கவாட்டில் கிடந்தன. உயிருள்ளபோது சிவப்புக் கண்ணாடிபோல ஊடுருவித் தெரியும் உடல், செத்ததும் அவித்த இறால்போல வெண்சிவப்பாகிவிடுகிறது. மற்றவை விசர் பிடித்ததுபோல் மேலும் கீழும் ஓடுகின்றன.

காப்பாற்ற வேண்டும். குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரில் பாதியை விட்டேன்.

ஒக்டோபர் 1, செவ்வாய்

மேலும் சில செத்துவிட்டன. முட்டை சுமந்த பெண்ணும். செத்த பிறகும் முட்டைகள் அதன் வயிற்றில்தான் ஒட்டியிருந்தன. திரும்பவும் தண்ணீர் மாற்றினேன். இரவு மூன்று தரம் எழும்பி வந்து பார்த்தேன். ஒரு இறாலுக்கு— அறுபத்தெட்டு வயதில்.

மேலே மருந்தடித்தது சனி. இங்கே செத்தது திங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

ஒக்டோபர் 2, புதன்

மேலே போனேன். கதவைத் திறந்த முர்ஷித் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"சனிக்கிழமை மருந்தடிச்சனீங்களோ?"

"ஓம் அங்கிள், குசினில கரப்பான். ஏன்?"

"என்ரை இறால் எல்லாம் செத்துக்கொண்டிருக்குது."

"யா அல்லாஹ்." உடனே செருப்பைத் தேடினார். "தண்ணி மாத்தினீங்களா? எதுல வெச்ச தண்ணி?"

"முதல் நான் கேக்கிறதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"அலமாரிக்குள்ள மருந்துப் பசைதான் வெச்சாங்க. ஸ்ப்ரே பண்ண நான் விடல்ல. என்ட வீட்டுல நாலு தொட்டி இரிக்கி. நான் விடுவேனா?"

"அப்ப அவன் முதுகிலை கொண்டுவந்தது என்ன, புனித நீரோ?"

ஷிஃபானா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். ஹஃப்ஸா புத்தகத்தை மூடினாள்.

"அது அவங்கட சாமான் அங்கிள். எல்லா வீட்டுக்கும் தூக்கிட்டுத்தான் போவாங்க. வாங்க, மொதல்ல தண்ணியப் பாப்பம்."

"தேவையில்லை" என்று சொல்லி இறங்கி வந்துவிட்டேன்.

கேள்விக்குப் பதிலாகக் கேள்வி கேட்பவர்களை நாற்பது வருடம் பார்த்திருக்கிறேன். அமைச்சர்கள் எல்லோரும் இப்படித்தான். முர்ஷித்தின் தொட்டிகளில் ஒன்றும் சாகவில்லையே என்று அருந்ததி கேட்டாள். மூடிவைத்திருப்பார் என்றேன்.

ஒக்டோபர் 4, வெள்ளி

நான் இந்தக் கட்டட நிர்வாகக் குழுவின் செயலாளர். அந்த முறையில் அறிவித்தல் ஒன்று எழுதி லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினேன். வீட்டுச் சொந்தக்காரர்களின் வட்ஸ்அப் குழுவுக்கும் போட்டேன். 3B இல் வசிப்போர் முன்னறிவித்தல் இன்றி நச்சு மருந்து தெளித்ததனால் கீழ்மாடியில் வளர்ப்புயிர்கள் இறந்துள்ளன. இனிமேல் குழுவின் அனுமதியின்றி எவரும் மருந்து பயன்படுத்தலாகாது. கடைசி வசனம்: "இன்று இறந்தவை இறால்கள். குழந்தைகள் உள்ள வீடுகள் இதனை எண்ணிப் பார்க்கவும்."

அந்த வசனத்துக்கு அரை மணித்தியாலம் செலவழித்தேன். கச்சிதமாக வந்தது.

அருந்ததி படித்துவிட்டு, "வீட்டைக் குறிக்கத்தான் வேணுமோ?" என்றாள்.

"பேர் போடேல்லைத்தானே. நம்பர்தான்."

"அந்த நம்பருக்குள்ளை ஆர் இருக்கினமெண்டு ஆருக்குத் தெரியாது?"

ஒக்டோபர் 7, திங்கள்

கீழே லிப்டுக்குக் காத்துநின்ற ஷிஃபானா, நான் வருவதைக் கண்டதும் சாமான் பைகளோடு படியேறிப் போனார்.

ஒக்டோபர் 13, ஞாயிறு

நேற்று விஜயதசமி. வீட்டுக்குள் ஆட்கள் வந்துபோன சத்தம் இன்றுதான் ஓய்ந்தது. தொட்டியில் மிஞ்சியவை நாலைந்து. பாசிக்குள் ஒளிந்திருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் எடுக்கக் குடத்தைச் சரித்தேன். பூசை நாட்களில் தொடாமல் மூலையில் நின்ற குடம். தண்ணீர் வடிந்த இடத்தில், உள்பக்கத்தில், பச்சை வளையம்.

அருந்ததி பின்னால் நின்று, "செம்பெண்டால் பச்சை பிடிக்கும்தானே. அதுக்குத்தான் புளி" என்றாள்.

 பிறகு போனை எடுத்துத் தேடினேன். இறால், செம்பு. தேடி முடிக்கத் தேவையே இருக்கவில்லை. முதல் வரியிலேயே இருந்தது. மனிதருக்கு ஒன்றும் செய்யாத சிறு அளவுச் செம்பு, இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும்.

எதுல வெச்ச தண்ணி?— அன்று கதவடியில் முர்ஷித் கேட்ட கேள்வி அது.

ஒக்டோபர் 15, செவ்வாய்

ஒரே இடத்திலிருந்து வந்ததை நம்பாதே என்று எத்தனை இளம் நிருபர்களுக்குச் சொல்லியிருப்பேன். அதனால் பார்த்தேன். இரண்டு ஜாம் போத்தல்கள். ஒன்றில் வாளித் தண்ணீர், ஒன்றில் குடத்துத் தண்ணீர். தொட்டிக் கண்ணாடியில் ஊரும் சின்ன நத்தைகளில் ஒவ்வொன்றிலும் ஒன்று.

இன்று காலை வாளித் தண்ணீர் நத்தை போத்தலின் வாய்வரை ஏறி நிற்கிறது. மற்றது அடியில். குச்சியால் தொட்டேன். அசையவில்லை.

அறிவித்தல் எழுதுவதற்கு முன் செய்திருக்க வேண்டிய வேலை. இரண்டு போத்தல், ஒரு இரவு. அவ்வளவுதான்.

செத்துக்கொண்டிருந்தவற்றுக்குத் திரும்பத் திரும்ப அந்தத் தண்ணீரையே விட்டிருக்கிறேன். காப்பாற்ற என்று.

ஒக்டோபர் 16, புதன்

மேலே போனேன். முர்ஷித் உள்ளே வரச் சொன்னார். நான் நின்றபடியே சொன்னேன். குடம், பச்சை, போத்தல்கள், எல்லாவற்றையும். "பிழை என்ரை. உங்கடை வீட்டிலிருந்து ஒண்டும் வரேல்லை. வேறை அறிவித்தல் ஒட்டுறன்."

அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். செம்புக் குடம் என்றதும், "ச்சே" என்றார். இறால்களுக்காகத்தான். பிறகு, "மிச்சம் எத்தின இரிக்கி? கொஞ்சம் கொஞ்சமாத் தண்ணி மாத்துங்க, ஒரேயடியா வேணாம்" என்றார்.

ஷிஃபானாதான் சொன்னார். போன கிழமை சவுந்தரநாயகம் போன் எடுத்தாராம். ஒப்பந்தம் புதுப்பிக்க மாட்டாராம். மாதக் கடைசியில் வீட்டைக் கொடுக்க வேண்டும்.

"நான் அவரோடை கதைக்கிறன்" என்றேன்.

முர்ஷித் தொட்டி ஒன்றின் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "ஈஸ்டர் குண்டுகளுக்குப் பொறகு ஆமி வந்து எங்கட வீட்டச் சோதிச்சாங்களே, ஞாபகம் இரிக்கா அங்கிள்? என்ட மீன் மருந்துப் போத்தல் ஒவ்வொண்டையும் தொறந்து மணந்து பாத்தாங்க. நீங்கதான் பக்கத்துல நின்டு, இவர எனக்குத் தெரியும்னு அவங்களுக்குச் சிங்களத்துல சொன்னீங்க. அதுக்குப் பொறகு நான் பயப்படவே இல்ல. கீழ அங்கிள் இரிக்கிறாரே எண்டு."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

ஒக்டோபர் 17, வியாழன்

கொட்டாஞ்சேனைக்குப் போனேன். சவுந்தரநாயகத்துக்கு அங்கே பாத்திரக் கடை. கதிரை போட்டுச் சோடா எடுப்பித்தார். "ஐயா என்னட்டை வாறதெண்டால் பெரிய விசயம்" என்றார்.

சொன்னேன். முழுவதும் சொன்னேன். செம்புக் குடம் என்றதும் தன் கடையில் தொங்கிய குடங்களை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அப்ப றாலைச் சாகடிச்சது நம்மடை சாமான்தான் எண்டுறியள்."

"ஓம். அந்த மனுசனிலை ஒரு பிழையும் இல்லை. பிள்ளைக்குச் சோதினை. ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கோ."

அவர் கதிரையை எனக்குக் கிட்ட இழுத்தார். "இஞ்சை பாருங்கோ ஐயா. அவையை அனுப்ப நான் கனநாளாய் யோசிச்சுக்கொண்டுதான் இருந்தனான். குறை சொல்ல ஒண்டும் அகப்படேல்லை. நீங்கள் எழுதினதைப் பாத்தாப் பிறகுதான் ஒரு துணிவு வந்தது. ஐயாவே எழுதியிருக்கிறார், இனி ஆர் என்ன சொல்லப்போகினம்? எங்கடை ஆக்களாய்ப் பாத்துக் குடுக்கப்போறன். உங்களுக்கும் நிம்மதிதானே."

"எனக்கு நிம்மதி இல்லை. நான் எழுதினது பொய்."

"பிழை எண்டு சொல்லுங்கோ. பொய்யெண்டு சொல்லாதேங்கோ. ஐயா பொய் எழுதுற ஆளில்லை." சோடாவை என் பக்கம் தள்ளினார். "ஆறப்போகுது, குடியுங்கோ."

"சோடா ஆறாது" என்றேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். என் பகிடியை ரசித்தார். நான் பகிடி விடவில்லை.

எழுந்து வந்தேன். பஸ்ஸில் வரும்போது அந்தக் கடைசி வசனம் திரும்பத் திரும்ப வந்தது. குழந்தைகள் உள்ள வீடுகள் எண்ணிப் பார்க்கவும். எண்ணிப் பார்த்துவிட்டார்கள்.

ஒக்டோபர் 18, வெள்ளி

திருத்தம் எழுதினேன். அழகாக எழுதவில்லை. "3B பற்றிய என் அறிவித்தல் முற்றிலும் தவறானது. இறால்கள் இறந்தது என் செம்புக் குடத்துத் தண்ணீரால். 3B குடும்பத்தினரிடம் மன்னிப்புக் கேட்கிறேன்." கையெழுத்து. பழையதைக் கிழித்துவிட்டு அதே இடத்தில் ஒட்டினேன். வட்ஸ்அப் குழுவுக்கும் போட்டேன். இரண்டு பேர் கும்பிடும் கை போட்டார்கள். ஒருவர் சிரிக்கும் முகம்.

ஒக்டோபர் 22, செவ்வாய்

திருத்தத்துக்கு மேல் தண்ணீர் வெட்டு அறிவித்தலை ஒட்டியிருக்கிறார்கள். உரித்து எடுத்தேன். என்னுடையதும் சேர்ந்து கிழிந்து வந்தது. புதிதாக அச்சடித்து ஒட்டினேன்.

முதல் அறிவித்தல் பல நாள் அங்கே நின்றது. அதன்மேல் யாரும் எதையும் ஒட்டவில்லை.

ஒக்டோபர் 26, சனி

அருந்ததி மேலே போய் ஷிஃபானாவோடு சாமான் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தாள். என்னையும் வரச் சொல்லவில்லை. வந்தவள் குசினியில் நின்று அழுதாள். "குடத்தைத் தந்தது நான்தானே" என்றாள்.

"குடத்தைத்தான் நீர் தந்தனீர். எழுதினது நான்."

"ஓம்" என்றாள். மறுக்கவில்லை.

ஒக்டோபர் 30, புதன்

லொறி வந்தது. நகரின் மறுகோடியில், முகத்துவாரத்தில் ஒரு மாடி வீடு அகப்பட்டிருக்கிறது. தொட்டிகளை மட்டும் முர்ஷித் யாரிடமும் கொடுக்கவில்லை. தானே ஒவ்வொன்றாக இறக்கினார். லொறிக்காரரிடம் சிங்களத்தில் மெதுவாக, மெதுவாக என்று சொல்லிக்கொண்டே நடந்தார். மூன்றாவதை நான் மறுபக்கம் பிடித்தேன். விலகச் சொல்லவில்லை. படியில் இருவரும் ஒரே அளவில் அடியெடுத்து வைக்க வேண்டியிருந்தது. அந்த நேரம் மட்டும் பழையபடி இருந்தது.

மிஞ்சிய என் இறால்களைத் திரும்பக் கொடுக்கலாமென்று ஒரு போத்தலில் வைத்திருந்தேன். "உங்களிட்டை நல்லா இருக்கும். எடுங்கோ தம்பி" என்றேன்.

போத்தலை உயர்த்திப் பார்த்தார். ஒன்றுக்கு முதுகில் மஞ்சள் நிறம் தெரிந்தது, முட்டைக்கு முந்திய நிறம். "இது உங்கட தண்ணிக்குத் தப்பினது. இனிச் சாகாது. வெச்சிருங்க" என்று திருப்பித் தந்தார்.

கைகொடுத்தார். "வாறன்" என்றார். எங்கே, எப்போது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை.

நவம்பர் 20, புதன்

காலி வீதிப் பஸ் தரிப்பில் ஹஃப்ஸா. மழை. வெள்ளை உடுப்பு முழங்கால்வரை நனைந்து, புத்தகப் பையை நெஞ்சோடு கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். முகத்துவாரத்திலிருந்து இரண்டு பஸ். குடையை நீட்டினேன். "பரவாயில்ல அங்கிள், பஸ் வந்திட்டு" என்றாள். பஸ் எதுவும் வரவில்லை. நான்தான் நடையைக் கட்டினேன்.

டிசெம்பர் 8, ஞாயிறு

குஞ்சுகள். பாசியில் மயிரிழை போல. கண்ணுக்குப் புள்ளிதான் தெரிகிறது. முர்ஷித்துக்குப் போன் எடுத்தேன். எடுக்கவில்லை. விசயத்தை எழுதி அனுப்பினேன். பின்னேரம் ஒரு செய்தி வந்தது: "நல்ல செய்தி. அல்ஹம்துலில்லாஹ்." அவ்வளவுதான். ஒரு வாழ்த்தை அவ்வளவு சுருக்கமாக எழுதலாம் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

டிசெம்பர் 15, ஞாயிறு

செயலாளர் பதவியிலிருந்து விலகுவதாகக் குழுவில் சொன்னேன். "ஐயாவை விட்டால் வடிவாய் எழுத ஆர் இருக்கினம்?" என்று எல்லோரும் சேர்ந்து மறுத்துவிட்டார்கள். இனி எழுதுவதில்லை, வேண்டுமானால் பெயர் இருக்கட்டும் என்றேன்.

ஜனவரி 12, ஞாயிறு

3B க்குப் புது ஆட்கள் வந்து மூன்று நாள். இன்று மாலை தட்டில் பலகாரத்தோடு வந்தார்கள். பிரியந்தன், மயூரி. யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த இளம் தம்பதி. இருவரும் வங்கி. உட்காரச் சொல்லியும் நுனியில்தான் உட்கார்ந்தார்கள்.

"ஐயா, குசினியிலை சரியான கரப்பான்" என்றார் பிரியந்தன். "மருந்தடிக்கச் சொல்லியிருக்கு. முதல் உங்களட்டை ஒருக்காக் கேக்கச் சொல்லி ஓனர் சொன்னவர்."

"அடியுங்கோ. தொட்டியை நான் மூடிவைக்கிறன்."

"முந்தி இருந்த ஆக்கள் அடிச்சு உங்கடை றால் முழுக்கச் செத்துப்போச்சாமே?"

"இல்லை. அவை அடிக்கேல்லை. நான்தான் செம்புக் குடத்துத் தண்ணியை விட்டுச் சாகடிச்சனான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிரியந்தன் புன்சிரிப்போடு தலையைக் குனிந்தார்.

"ஓனர் அதையும் சொன்னவர் ஐயா. ஐயா அவையைப் பற்றி ஒரு குறை சொல்லவும் விடமாட்டாராம், பழியைத் தன்னிலை போட்டுக்கொள்ளுவாராம் எண்டு."

திரும்பவும் சொன்னேன். பச்சை வளையம், ஜாம் போத்தல், நத்தை. வழக்குச் சொல்வதுபோல ஒழுங்காகச் சொன்னேன். அருந்ததியும், "உண்மைதான் பிள்ளை, என்ரை அம்மாவின்ரை குடம்" என்றாள். அவர்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கதைக்கும்போது கேட்டுக்கொண்டிருப்பது போல.

கதவடியில் மயூரி திரும்பி நின்றாள். "உங்களைப்போல நல்ல மனுசர் கீழை இருக்கிறது எங்களுக்குப் பெரிய ஆறுதல் ஐயா" என்றாள்.